இருமுறை விக்டோரியா சிலுவை பெற்ற மருத்துவர் நோயல் சவாஸ்

வீரத்தைப் போற்றாத இனம் உலகில் இல்லை. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பீடையும் பொறித்து வழிபட்டவர் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை அந்நெறியின் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. நாம் இன்று வாழும் பிரித்தானிய நாட்டிலும் வீரத்தைப் போற்றும் மரபு ஒன்று உண்டு. அதன் உச்சியில் இருப்பது விக்டோரியா சிலுவை என்னும் பதக்கம். அதனை இருமுறை பெற்ற மூவருள் ஒருவரும், துப்பாக்கியால் அன்றித் தம் மருத்துவப் பையினால் அதனைப் பெற்றவருமாகிய ஒருவரின் வரலாற்றை நம் மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதக்கம் பிறந்த வரலாறு

1853ஆம் ஆண்டு தொடங்கி 1856ஆம் ஆண்டு வரை நடைபெற்ற கிரைமியப் போரில் பிரித்தானியப் படையினர் இரஷ்யருடன் பொருதனர். பத்திரிகையாளர்கள் களத்திலிருந்து செய்தி அனுப்பிய முதற் போர்களுள் அதுவும் ஒன்று. சாதாரணப் படைவீரன் குளிரிலும் நோயிலும் பட்ட துன்பத்தையும் அவன் காட்டிய துணிவையும் மக்கள் நாளேடுகளில் வாசித்தனர். அக்காலத்தில் உயர்ந்த விருதுகள் அதிகாரிகளுக்கே உரியனவாக இருந்தன. அந்நிலையை மாற்ற, பதவி வேறுபாடு பாராது துணிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட பதக்கம் ஒன்றை விக்டோரியா மகாராணியார் 1856ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் நிறுவினார்.

பதக்கத்தில் பொறிக்க வேண்டிய சொற்களைக் குறித்து மகாராணியார் கொண்ட கவலை நாம் அறிந்து மகிழத்தக்கது. துணிந்தவர்களுக்காக என்னும் பொருள்படும் தொடரே முதலில் முன்மொழியப்பட்டது. அவ்வாறு எழுதினால், பதக்கம் பெறாத ஏனைய வீரர் துணிவற்றவர் என்று எவரேனும் கருதக்கூடும் என மகாராணியார் எண்ணினார். ஆகவே வீரத்திற்காக என்று மட்டும் பொருள்படும் இரு சொற்கள் அதில் இடம்பெற்றன. பொன்னும் வெள்ளியும் இன்றி, வெறும் வெண்கலத்தால் அது செய்யப்பட்டது. 1857ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாள் இலண்டன் ஹைட் பூங்காவில் 62 பேருக்கு மகாராணியார் தம் கையாலேயே அதனைச் சூட்டினார்.

பதவி வேறுபாடு நீங்கினும் நிற வேறுபாடு நீங்க நெடுங்காலம் சென்றது. பிரித்தானிய இந்தியப் படையின் இந்திய வீரர் இப்பதக்கத்திற்குத் தகுதியுடையோர் என 1911ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின், 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே இயந்திரத் துப்பாக்கியுடன் தனித்து நின்று போரிட்ட குதாதாத் கான் அதனைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரரானார். அதே ஈப்பர் மண்ணிலேதான் நம் கதைத் தலைவரின் வாழ்வும் முடிவுற்றது.

இளமையும் கல்வியும்

நோயல் சவாஸ் 1884ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். அவருக்குச் சிறிது நேரம் முன்னர் பிறந்தவர் அவருடைய இரட்டைச் சகோதரர் கிறிஸ்தோபர். தந்தையார் பிரான்சிஸ் சவாஸ் சமயத் தொண்டர். 1900ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரின் ஆயராகப் பொறுப்பேற்றார். ஏழு பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டில் வழிபாடும் விளையாட்டும் பிறர்க்கு உதவுதலும் அன்றாட ஒழுக்கங்களாக இருந்தன.

இரட்டையர் இருவரும் 1904ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தனர். 1907இல் நோயல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். கிறிஸ்தோபர் அவ்வாண்டு தவறினார். தேர்வில் தவறிய அந்தச் சகோதரரே பிற்காலத்தில் ஆயராக உயர்ந்து, தந்தையாரோடு இணைந்து ஒக்ஸ்போர்டிலேயே ஒரு கல்லூரியையும் நிறுவினார் என்பதைப் பெற்றோர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. ஓட்டத்திலும் இருவரும் வல்லவர். 1908ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் ஓட்டத்தில் இருவருமே தம் நாட்டின் சார்பில் ஓடினர். பரிசு கிட்டவில்லை, முதற் சுற்றுடன் நின்றனர்.

நோயல் மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். 1912ஆம் ஆண்டில் மருத்துவராகி, லிவர்பூலில் புகழ்பெற்ற எலும்புச் சிகிச்சை வல்லுநர் ரொபேட் ஜோன்ஸ் அவர்களிடம் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் அந்நகரில் ஆதரவற்ற சிறுவர்கள் பயின்ற பாடசாலையொன்றிற்குச் சென்று ஊதியமின்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அவர்களோடு விளையாடினார். 1913ஆம் ஆண்டில் லிவர்பூல் ஸ்கொட்டிஷ் என்னும் தொண்டர் படையணியின் மருத்துவராக இணைந்தார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

அகழிகளின் நடுவே

1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் படையணியுடன் பிரான்சை அடைந்த நோயல், போரின் உண்மையான முகத்தை அகழிகளிற் கண்டார். முழங்காலளவு சேற்றுநீரில் நாட்கணக்கில் நின்ற வீரரின் பாதங்கள் அழுகின. குண்டினால் மாண்டோரைப் போன்றே குளிராலும் தொற்றினாலும் வீழ்ந்தோரும் பலராயினர். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதிலும் வராமற் காப்பதே மேல் என்று கருதிய அவர், வீட்டுக்கு எழுதிக் காலுறைகளை வருவித்தார். நீராடவும் உடைகளைத் தூய்மை செய்யவும் வழி தேடினார். காயமுற்றோருக்கு ஏற்புவலித் தடுப்பூசி தவறாது இடப்பட வேண்டுமென வற்புறுத்தினார். மனம் தளர்ந்து நடுங்கிய வீரரைக் கோழைகள் என்று இகழாது, தம் முதலுதவி நிலையத்திலேயே இலகுவான வேலை கொடுத்துத் தேற்றினார். போரின் ஓசை கேட்டு வளர்ந்த நம்மவருள் இத்தகைய நடுக்கத்தை அறியாதார் இலர். அதனை ஒரு நோயாகக் கண்டு இரங்கிய மனத்தின் அருமையும் நமக்கே நன்கு புரியும்.

1915ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாள் ஈப்பரை அடுத்த ஹூஜ் என்னும் இடத்தில் அப்படையணி தாக்குதலில் இறங்கியது. காலையிற் சென்ற ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரில் மாலைக்குள் ஏறத்தாழ நானூறு பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். நோயல் இருபுறத்து அகழிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் இரவெல்லாம் காயமுற்றோரைத் தேடினார். அப்பணிக்காக அவருக்கு இராணுவச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது.

முதலாவது விக்டோரியா சிலுவை

1916ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சின் சொம் ஆற்றுப் போர்க்களத்தில், கீய்மோன் என்னும் சிற்றூரைத் தாக்கிய படையணி பேரிழப்புக்கு உள்ளாயிற்று. பகல் முழுவதும் எதிரியின் கண்ணெதிரே, கடுஞ் சூட்டின் நடுவே, நோயல் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். இரவு வந்ததும் எதிரியின் அகழிக்கு முன்னால் நான்கு மணித்தியாலம் தேடுதல் நடத்தினார். மறுநாள் எறிகணை வீச்சின் நடுவே ஒருவரைச் சுமந்து வருகையில் அவருடைய விலாப்புறத்தில் எறிகணைச் சிதறல் பாய்ந்தது. அன்றிரவும் அவர் ஓயவில்லை. தாமாக முன்வந்த இருபது பேருடன் சென்று, எதிரியின் அகழிக்கு 25 யார் தூரத்தில் ஒரு குழியிற் கிடந்த மூவரை மீட்டார். இறந்த இரு அதிகாரிகளின் உடல்களை அடக்கம் செய்தார். ஏறத்தாழ இருபது உயிர்கள் அவரால் காப்பாற்றப்பட்டன. அதற்காகவே அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. 1917ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் கையால் அதனைப் பெற்றார்.

அன்றிரவு அவர் செய்த மற்றொரு செயலை நாம் விரித்துரைக்க வேண்டும். இறந்துகிடந்த வீரர்களின் கழுத்தில் இருந்த அடையாள வில்லைகளை அவர் சேகரித்து வந்தார். உயிர் பிரிந்தோருக்கு மருத்துவரால் ஆவது யாதுமில்லை. எனினும் அந்தச் சிறு வில்லை கிடைத்தால், தொலைவில் ஒரு தாய் தன் மகனுக்கு நேர்ந்ததை உறுதியாக அறிவாள். கிடையாவிடின் அவன் காணாமற் போனோர் பட்டியலிற் சேர்வான். அவள் ஆயுள் முழுவதும் வாசலைப் பார்த்திருப்பாள். இறந்தவனின் பெயரை மீட்பதற்காகவும் தம் உயிரைப் பணயம் வைத்தார் அம்மருத்துவர். பிள்ளையின் செய்தி அறியாது காத்திருக்கும் அன்னையரை நம் சமூகத்திலேயே காணும் நமக்கு, இச்செயலின் பெருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இறுதி நாட்கள்

1917ஆம் ஆண்டு கோடையில், நோயல் தம் மைத்துனி கிளாடிஸ் என்பாரை மணப்பதற்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டு யூலைத் தொடக்கத்தில் அவருடைய இளைய தம்பி எய்டன் ஈப்பர் அருகே காயமுற்றுக் காணாமற் போனார். உடலும் கிடைக்கவில்லை. எத்தனையோ தாய்மார்க்குச் செய்தி கொணர்ந்தவரின் தாய்க்கு அச்செய்தி கிட்டவில்லை.

யூலை 31ஆம் நாள் பசண்டேல் போர் தொடங்கியது. ஈப்பருக்கு வடகிழக்கே வீல்ட்ஜே என்னும் இடத்துக்கு அப்பால், கைப்பற்றப்பட்ட பதுங்குகுழியொன்றில் நோயல் முதலுதவி நிலையம் அமைத்தார். தொடக்கத்திலேயே, காயமுற்ற ஒருவரைச் சுமந்து வருகையில் அவர் தலையிற் பலத்த காயமுற்றார். கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் தம் நிலையத்திற்கே திரும்பினார். மழை கொட்டியது; நிலம் சேற்றுக் கடலாயிற்று. உணவும் உறக்கமும் இன்றி, தலைக்காயத்தின் வேதனையோடு, இரு நாட்கள் அவர் தம் நிலையத்தை விட்டு நீங்கவில்லை. இரவில் வெளியே சென்று தேடுவதையும் நிறுத்தவில்லை. ஓகஸ்ட் 2ஆம் நாள் அதிகாலையில் எறிகணை ஒன்று பதுங்குகுழிக்குள் வீழ்ந்து வெடித்தது. வயிற்றிற் பெருங்காயமுற்ற அவர், உதவி தேடித் தாமே வெளியே ஊர்ந்து சென்றார். பிராண்ட்ஹூக் என்னும் ஊரில் இருந்த இராணுவ மருத்துவ நிலையத்திற் சத்திர சிகிச்சை செய்யப்பட்டும் பயனின்றி, ஓகஸ்ட் 4ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 32.

அவருக்கு இரண்டாவது முறையாக விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டமை அடுத்த மாதம் அறிவிக்கப்பட்டது. இன்றுவரை அப்பதக்கம் 1300க்கு மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டிருப்பினும், இருமுறை பெற்றோர் மூவரே. ஆர்தர் மார்ட்டின் லீக், நோயல் சவாஸ் ஆகிய இருவரும் மருத்துவர்கள். மூன்றாமவராகிய நியூசிலாந்தின் சார்ள்ஸ் அபம் இரண்டாம் உலகப் போரின் வீரர். கொல்வதற்கென்றே கூடிய களத்தில், மிகப் பெரிய வீரர் எனப் போற்றப்பட்ட மூவரில் இருவர் உயிர் காக்கச் சென்றவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

நாம் கொள்ள வேண்டியது

மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என நான்கு கூறாகப் பகுத்துரைத்தார் திருவள்ளுவர். நோயல் சவாஸ் தனி ஒருவராக எதனையும் சாதிக்கவில்லை. அவருடன் இருளிற் சென்ற தூக்குப்படுக்கைத் தொண்டர்கள், கட்டுத்துணி சுற்றியவர்கள், தண்ணீர் கொணர்ந்தவர்கள் ஆகியோர் அந்த நான்காம் கூறாக நின்றனர். அவர்களுட் பலர் விக்டோரியா சிலுவை பெறவில்லை. ஆயினும் பதக்கத்தின் சொற்களை மாற்றியபோது மகாராணியார் எண்ணியவர்களும் அத்தகையோரே. நம் தாயகத்திலும் மின்சாரமும் மருந்தும் இன்றி, எறிகணை ஓசைக்கு நடுவே மெழுகுவர்த்தி ஒளியிற் காயமுற்றோரைக் காத்த மருத்துவர்களும் தாதியர்களும் தொண்டர்களும் பலர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோருக்குப் பதக்கமும் இல்லை, கல்லும் இல்லை. அவர்களால் உயிர் பிழைத்தோரும் அவர்தம் பிள்ளைகளும் அவர்களை நினைவிற் கொள்வதே அவர்களுக்கு நாம் நடும் கல்லாகும்.

கோடை விடுமுறையில் பாரிஸ் நகருக்கு வாகனத்திற் செல்லும் நம் குடும்பங்கள் பல. கலே துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பயணம் செய்தால் பிராண்ட்ஹூக் வந்துவிடும். அங்குள்ள இராணுவக் கல்லறையில், இரண்டு விக்டோரியா சிலுவைகள் பொறிக்கப்பட்ட வெண்கல் ஒன்று நிற்கின்றது. அதைக் கண்டபின் ஈப்பர் நகருக்கும் செல்லுங்கள். அங்குள்ள மெனின் வாயிலின் சுவர்களில், உடல் கிடைக்காத 54,000க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரரின் பெயர்களும் அங்கே உள்ளன. நோயலின் தம்பி எய்டனின் பெயரும் அங்கேதான் உள்ளது. மாலை எட்டு மணிக்கு ஊதப்படும் எக்காள ஒலியை நின்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களில் ஒன்றையேனும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.