பட்டம் பெற்ற மறு ஆண்டு

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணை நோக்கி ஊரும் உறவும் கேட்கும் முதற்கேள்வி, அடுத்தது என்ன என்பதே. ஆண்டுதோறும் நம் பள்ளியிலிருந்து மேற்படிப்புக்குச் செல்லும் சகோதரியர் பலர். அவர்கள் பட்டத்தோடு திரும்பும்போது இந்தக் கேள்வி வாசற்படியிலேயே காத்து நிற்கிறது. உடனே விடை கூற இயலாதவள் தன்னைத் தோல்வியுற்றவள் என்று எண்ணிக் குமைகிறாள். பெற்றோரும் கலங்குகின்றனர். இத்தகைய ஓர் ஆண்டை, நாம் எண்ணிப் பார்ப்பதைவிடக் கடுமையாகக் கழித்த ஒரு பெண்மணியின் வாழ்வை இங்கே காண்போம். பின்னாளில் உலக அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையாரே அவர்.

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ஜேன் பிறந்தாள். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை நடத்தியவர். மாநில மேலவை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். ஜேனுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோதே தாய் காலமானார். முதுகெலும்பைத் தாக்கிய நோயினால் குழந்தையின் முதுகு வளைந்தது. தலை ஒருபுறம் சாய்ந்திருக்கும் தன் தோற்றத்தை எண்ணி அவளுக்கே வெட்கம். இவ்வளவு கம்பீரமான மனிதருக்கு இப்படி ஒரு மகளா என்று பிறர் நினைத்துவிடக் கூடாதே என அஞ்சி, ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் தந்தையின் அருகே செல்லாமல் வேறோர் உறவினரின் பக்கத்திலேயே நடந்து வருவாள். ஒருநாள் பட்டணத்து வீதியில், பலரும் பார்க்க, தந்தை தம் பளபளப்பான தொப்பியைக் கழற்றி மகளுக்குத் தலை வணங்கினார். அன்றே அவளுடைய அச்சம் அகன்றது. தாயில்லாத அந்தக் குழந்தைக்குத் தந்தை எல்லாமாக இருந்தார்.

1877-இல் ஜேன் ராக்ஃபோர்டு என்னுமிடத்தில் இருந்த பெண்கள் கலாசாலையில் சேர்ந்தார். தொலைவிலுள்ள ஸ்மித் கல்லூரிக்குச் செல்ல வேண்டுமென்பதே அவரது ஆசை. வீட்டுக்கு அருகில் படித்தால் போதும் என்று தந்தை கூறவே, மகள் கீழ்ப்படிந்தார். அங்கே அவர் கலாசாலை இதழின் ஆசிரியராக விளங்கினார். சொற்பொழிவில் பெயர் பெற்றார். வகுப்பிலே முதல் மாணவியாகத் தேறினார். 1880-இல் ஒரு விழாவில் அவர் பேசிய பொருள் சுவையானது. சீமாட்டி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அப்பம் தருபவள் என்று பொருள் கூறுவதுண்டு. அதையே எடுத்துக்கொண்டு, கற்ற பெண்கள் உலகுக்கு அப்பம் தருபவராக வாழ வேண்டும் என்று முழங்கினார்.

1881 ஜூன் மாதம் படிப்பு முடிந்தது. கிரேக்கப் புராணத்தில் வரும் கசாண்டிரா என்ற இளவரசியைப் பற்றி அவர் விடைபெறும் உரை நிகழ்த்தினார். வரப்போவதை உள்ளபடி உரைத்தும் எவராலும் நம்பப்படாதவள் கசாண்டிரா. பெண்கள் அறிவியல் பயின்று, தங்கள் சொல்லுக்கு மதிப்பைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். தமக்கும் ஒரு வழியை அவர் வகுத்து வைத்திருந்தார். மருத்துவம் கற்பது, ஏழைகளிடையே சென்று வாழ்வது. இருபது வயது நிறைந்த அந்தப் பெண்ணின் எதிரே பாதை நேராகத் தெரிந்தது.

இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. ஆகஸ்டு மாதம் குடும்பத்துடன் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பயணம் சென்றிருந்தபோது தந்தை குடல்வால் அழற்சியால் திடீரென நோயுற்று இறந்தார். ஜேனின் வாழ்வில் தூணொன்று சாய்ந்தது. எதைச் செய்தாலும் தந்தை என்ன நினைப்பார் என்று கேட்டுப் பழகிய உள்ளத்துக்கு இப்போது வழி சொல்வார் யாருமில்லை. வாழ்க்கைக்குப் போதுமான சொத்தைத் தந்தை விட்டுச் சென்றிருந்தார். ஆனால் அந்தச் சொத்தைக் கொண்டு எதற்காக வாழ்வது என்பதை யார் சொல்லித் தருவார்?

ஆயினும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் பிலடெல்பியா நகரம் சென்று, பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குளிர்காலம் முழுவதும் பாடங்களோடு போராடினார். தேர்வுகளைச் சந்தித்தார். ஆனால் அந்தப் படிப்பில் மனம் ஒன்றவில்லை. துயரம் ஒருபுறம், களைப்பு மறுபுறம். குழந்தைப் பருவத்து முதுகு நோயும் மீண்டும் தலைதூக்கியது. 1882 வசந்த காலத்தில் அவர் புகழ்பெற்ற மருத்துவர் வியர் மிட்செல் என்பாரின் மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தார். மருத்துவர் ஆகப் புறப்பட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவப் படிப்பு அதோடு முடிந்தது.

அதே 1882-இல் ராக்ஃபோர்டு கலாசாலை பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. முறையான இளங்கலைப் பட்டம் ஜேனுக்கு அப்போதுதான் கிடைத்தது. படிப்பை முடித்து ஓராண்டு. கையில் பட்டம் உண்டு, தந்தை இல்லை, தொழில் இல்லை, உடல்நலம் இல்லை. வகுப்பின் முதல் மாணவி சீடர்வில் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த குளிர்காலத்தில் தமக்கையின் வீட்டில் முதுகுக்குச் சிகிச்சை நடந்தது; ஆறு மாதம் அசையாமல் படுத்திருக்க நேர்ந்தது.

இந்த ஆண்டை வீணான ஆண்டு என்று சொல்லிவிடலாமா? அந்த வேளையில் ஜேன் அப்படித்தான் எண்ணியிருப்பார். அந்த ஆண்டே அவர் முதிர்ச்சி அடைந்துவிட்டார் என்று நாமும் மிகைப்படுத்திக் கூற மாட்டோம். விதை மண்ணுக்குள் இருக்கும்போது மேலே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூன்று பாடங்கள் அவருள்ளே இறங்கின. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் உடலாலேயே கற்றார். பரிசும் பாராட்டும் பெற்ற கல்வி, துன்பத்தின் எதிரே தானாகத் துணை வந்து நிற்பதில்லை என்பதைக் கண்டார். வகுத்த திட்டம் உடைந்த பின்னும், ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற ஆசை தமக்குள் உடையாமல் இருப்பதை மெல்ல மெல்ல உணர்ந்தார்.

உடல் தேறியதும் 1883-இல் ஐரோப்பா சென்றார். லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகத் தொடங்கிய காய்கறிகள் ஏலம் விடப்படுவதைக் கண்டார். விளக்கொளியில் உயர்ந்த ஏழைகளின் கைகளும், வாங்கிய முட்டைக்கோசைக் கழுவாமலேயே கடித்துத் தின்ற ஒரு மனிதனின் பசியும் அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. ஆனால் அப்போதும் அவர் செயலில் இறங்கவில்லை. இசை, ஓவியம், மொழிகள் என்று கற்றுக்கொண்டே காலம் சென்றது. படித்த பெண்களை வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லியே வாழ்க்கையிலிருந்து விலக்கி வைக்கும் கண்ணி அது என்று பின்னர் உணர்ந்தார். வீட்டிலே மகளின் கடமை என்ற பிடிப்பும் இருந்தது. தம் முன்கணவருக்குப் பிறந்த மகனை ஜேனுக்கு மணமுடிக்க மாற்றாந்தாய் விரும்பினார், ஜேன் இசையவில்லை.

1888-இல் மாட்ரிட் நகரில் காளைச் சண்டை ஒன்றைக் கண்டார். உடன் வந்த தோழியர் சகிக்க மாட்டாமல் வெளியேறினர். ஜேன் மட்டும் இறுதிவரை அமர்ந்திருந்தார். அன்று மாலை தம் உள்ளம் மரத்துப் போனதை எண்ணி நாணினார். இனிக் காலம் தாழ்த்தக் கூடாது என்று தம் எண்ணத்தை எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற தோழியிடம் திறந்து சொன்னார். அவர் ராக்ஃபோர்டில் ஓராண்டு மட்டும் பயின்று, பணமின்மையால் படிப்பை நிறுத்தி ஆசிரியையானவர். அவ்வாண்டே லண்டனில், கற்ற இளைஞர் ஏழைகளிடையே குடியிருந்து பணியாற்றிய டாயின்பி மன்றத்தையும் ஜேன் நேரில் பார்த்து வந்தார்.

1889 செப்டம்பர் 18-ஆம் நாள் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் வீதியில், ஹல் என்பவர் கட்டிய பழைய மாளிகையில் தோழியர் இருவரும் குடியேறினர். அதுவே ஹல் இல்லம். சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், அயர்லாந்தினர், யூதர், கிரேக்கர் எனப் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். முதல் இரவு பக்கத்துக் கதவைப் பூட்டவும் சாத்தவும் மறந்து உறங்கிவிட்டனர். விடிந்து பார்த்தபோது ஒரு பொருளும் களவு போகவில்லை! அண்டை வீட்டாரின் நேர்மையைப் புரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. குழந்தைகள் பள்ளி, இரவு வகுப்பு, நூலகம், குளியலறை, விளையாட்டுத் திடல் என இல்லம் வளர்ந்து 13 கட்டடங்களாகப் பெருகியது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டினர், நோயாளிக்குத் துணையிருந்தனர், இறந்தவரை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தனர். மருத்துவப் பட்டம் தராத வாய்ப்பைக் கட்டிலில் கிடந்த அனுபவம் தந்தது என்றால் அது மிகையாகாது.

முதல் கிறிஸ்துமஸ் விழாவில் நடந்ததைக் கேளுங்கள். இனிப்பு வழங்கியபோது சில சிறுமிகள் வாங்க மறுத்தனர். காரணம் விசாரித்தபோது, அவர்கள் ஆறு வாரமாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மிட்டாய்த் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் என்பதும், இனிப்பைக் காணவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தன. ஹல் இல்லத்தார் குழந்தை உழைப்பை ஆராய்ந்து குரல் எழுப்பினர். 1893-இல் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வீதியில் குப்பை நாறியபோது ஜேன் முறையிட்டதோடு நிற்கவில்லை. 1895-இல் அந்த வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளர் பதவியை ஏற்று, காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். ஒரு சந்தில் 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய தரை இருந்ததைக் கண்டுபிடித்தனர்!

முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். போரை எதிர்த்ததால் சொந்த நாட்டிலேயே பழிச்சொல் கேட்டார். கசாண்டிராவின் கதி தமக்கும் வந்தது. ஆயினும் அவர் வாய் மூடவில்லை. 1931-இல் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லர் என்பாருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. அப்பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. 1935 மே 21-ஆம் நாள் சிகாகோவில் இறைவனடி சேர்ந்தார். சீடர்வில் மண்ணில், தம் குடும்பத்தார் அருகே துயில்கிறார். ஹல்லின் பழைய மாளிகை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

அன்பு மாணவியரே, கல்லூரியை விட்டு வந்த ஜேன் ஹல் இல்லத்தின் கதவைத் திறக்க எட்டு ஆண்டுகள் சென்றன. தந்தையின் சொத்து அவரைத் தாங்கியது. நம் இல்லங்களில் பெரும்பாலானவற்றில் அத்தகைய வசதி இல்லை. எட்டு ஆண்டு காத்திருக்க நம்மால் இயலாது. ஆகவே வேலை தேடுவதும் வீட்டுக்குத் துணை நிற்பதும் நம் கடமையே. ஆனால் முதலில் கிடைத்த வேலை மனத்துக்கு ஒவ்வவில்லை என்றாலும், எழுதிய தேர்வு கைவிட்டது என்றாலும், வாழ்வே முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வகுத்த வழி அடைபட்டாலும் சேர விரும்பிய ஊர் அங்கேயேதான் இருக்கிறது. வழி தெரியும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். தெருக்கோடியிலுள்ள குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கலாம். நோயுற்ற பாட்டிக்கு மருந்து வாங்கித் தரலாம். ஆயத்தம் முடியட்டும் என்று காத்திருப்பதைவிடக் கையருகே உள்ள பணியைத் தொடங்குவது மேல். ஜேன் இதைக் கற்க எட்டு ஆண்டுகள் ஆயின. நாம் அவரிடமிருந்து இன்றே கற்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பட்டம் பெற்று வந்த மகள் முதல் ஆண்டில் மௌனமாக இருந்தால், அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசி அவளைப் புண்படுத்த வேண்டாம். வளைந்த முதுகுள்ள சிறுமிக்கு நடுவீதியில் தொப்பியைக் கழற்றி வணங்கிய அந்தத் தந்தையை நினைவிற்கொள்வோம். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அவர் மகளை வணங்கியது. ஆனால் முதலில் வணங்கியவர் அவரே.