விலக்குண்ட ஞானி ஸ்பினோசா

நன்மை யாது? மனிதன் உண்மையிலேயே உரிமை உடையவனா? தீங்கு செய்தாரிடம் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும்? இவ்வினாக்களை எழுப்பாத நாடும் இல்லை; காலமும் இல்லை. ஆயின், நூலில் விடை எழுதியதோடு அமையாது, தம் வாழ்க்கையாலும் விடை கூறியவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் ஸ்பினோசா. அவர் வரலாற்றை இம்மலரில் வரைய யாம் முற்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்மைப் போன்றே பிறந்த மண்ணை விட்டு வேறிடத்தில் குடியேறிய மக்களின் வழித்தோன்றல் அவர்.

போர்ச்சுகல் நாட்டில் யூதர்கள் சமய விசாரணை மன்றத்தின் கொடுமைக்கு ஆளாயினர். புறத்தே கிறித்துவராகவும் அகத்தே யூதராகவும் அஞ்சி வாழ்ந்த குடும்பங்கள் பல, ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்தன. அத்தகைய வணிகக் குடும்பம் ஒன்றில் 1632ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஸ்பினோசா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பரூக். அருள் பெற்றவன் என்பது அதன் பொருள். ஆறு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். எபிரேய மொழியும் மறைநூலும் கற்றார். 1654இல் தந்தை மறைந்தபின் தம்பியோடு வணிகம் நடத்தினார். இலத்தீன் பயின்று, டேக்கார்ட் முதலியோரின் புதிய தத்துவத்தில் தோய்ந்தார்.

1656ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் இடி விழுந்தது. இருபத்து மூன்றே வயதான அவரைச் சமூகத்தினின்று விலக்குவதாக யூதப் பெரியோர் அறிவித்தனர். எவரும் அவரோடு பேசலாகாது. ஒரு கூரையின் கீழ்த் தங்கலாகாது. நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கலாகாது. அவர் எழுதியதைப் படித்தலும் ஆகாது. அவருடைய குற்றம் இன்னதென அவ்வாணை விளக்கவில்லை. மறைநூலையும் உயிரின் அழியாமையையும் பற்றிப் பிறர் கேட்க அஞ்சும் வினாக்களை அவர் கேட்டார் என்பது மட்டும் தெளிவு.

அப்பெரியோரைக் கொடியவர் என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அவர்கள் வந்தேறிகள். நாட்டின் சமயத்தைப் பழிக்கலாகாது என்பது அவர்களைக் குடியிருக்க விட்ட நகரின் கட்டளை. ஒருவர் நாவால் அனைவர்க்கும் கேடு வருமோ என்னும் அச்சம் அவர்களைக் கடுமையாக்கியது. முன்னரே அச்சமூகத்தால் விலக்குண்ட உரியேல் ட கோஸ்டா என்பவர், இழிவு பொறாது 1640இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பொழுது ஸ்பினோசா ஏழு வயதுச் சிறுவர்.

ஸ்பினோசாவோ மனம் உடையவில்லை. பகை கொள்ளவுமில்லை, வேறு சமயம் புகவுமில்லை. தம் பெயரை அதே பொருளுடைய பெனடிக்டஸ் என்னும் இலத்தீன் பெயராக மாற்றிக்கொண்டு, உருப்பெருக்கிக்கும் தொலைநோக்கிக்கும் கண்ணாடி வில்லைகள் தேய்த்துப் பொருள் ஈட்டினார். ஹைகன்ஸ் போன்ற அறிவியலாரும் அவர் கைத்திறனை வியந்தனர். தந்தையின் சொத்துக்காக உடன்பிறந்தாளோடு வழக்காடி வென்றும், ஒரு கட்டில் நீங்கலாக அனைத்தையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார் என்பர். நண்பர் வழியே ஆண்டுக்கு 500 கில்டர் வருவதாயிற்று. 300 போதும் என்றார் என்பர்.

வில்லை தேய்த்த கைகளே 'நெறியியல்' என்னும் பெருநூலையும் எழுதின. வடிவக் கணிதம் போல், வரையறையும் மெய்ப்பிப்புமாக அமைந்தது அந்நூல். இறைவனும் இயற்கையும் இரண்டல்ல என்பது அதன் அடிப்படை. யாவும் காரணத்தால் நிகழ்கின்றன; காரணத்தை அறியாமையாலேயே மனிதன் தன்னை உரிமையுடையவனாக எண்ணுகிறான். அங்ஙனமாயின் விடுதலை இல்லையா? உண்டு. சினமும் அச்சமும் எதனால் எழுகின்றன என்று உணருந்தோறும் அவற்றின் பிடி தளர்கிறது. பகையைப் பகை வளர்க்கும், அன்பே அழிக்கும். நல்லொழுக்கத்திற்குப் பரிசு அதற்கு அப்பால் இல்லை, அதுவே பரிசு.

அவரும் மனிதரே. 1672இல் ஹேக் நகரில் டி விட் சகோதரரை வெறிகொண்ட கும்பல் கொன்றபோது, அவர்களை இழித்துரைக்கும் அறிக்கையை ஒட்ட ஸ்பினோசா புறப்பட்டார் என்றும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைக் காத்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. நிலைபெற்ற சமயத்தைக் குலைக்கலாகாது என்னும் எதிர்பார்ப்பு அதனோடு இருந்தது. சிந்தனைக்கு எல்லை எங்கே வகுக்கப்படுமோ என்று ஐயுற்று மறுத்தார். சிந்தனை உரிமையை வற்புறுத்தி 1670இல் பெயரின்றி அவர் வெளியிட்ட நூல் 1674இல் தடை செய்யப்பட்டது.

நெடுநாள் நுரையீரல் நோயால் நலிந்து, 1677ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். நண்பர்கள் அவ்வாண்டிலேயே 'நெறியியல்' நூலை அச்சேற்றினர். முகப்பில் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அறிஞர் கூடி ஆராய்ந்தும் பழைய விலக்கு நீக்கப்படவில்லை.

அயலிடத்தில் வாழும் சமூகத்திற்கு ஒற்றுமை இன்றியமையாதது. நம் சங்கமும் அதற்காகவே தோன்றியது. ஆயின் ஒற்றுமையைக் காக்கும் ஆர்வமே வினவும் இளைஞனின் வாயை அடைக்கும் அச்சமாக மாறிவிடக்கூடும். நம் இல்லங்களிலும் பிள்ளைகள் வினவுகின்றனர். அவர்களுக்கு விடை கூற இயலாவிடினும், அவர்களை நான்கு முழம் தள்ளி நிறுத்தாதிருக்க நம்மால் இயலும்.