தமிழில் வைத்தியம் போதித்த கிறீன்

நரம்புக் கலங்களின் வழிகளை வரைதல் இன்று பெருந்துறையாய் வளர்ந்துள்ளது. வேலியோரத்து நத்தையின் மூளையிலும் அறிஞர் அவ்வழிகளை ஆராய்கின்றனர். அதன் கலங்களிற் சில பெரியனவாதலின் இனங்காண்டல் எளிது. இத்தகைய அறிவைத் தமிழிற் பயிலுதல் கூடுமோ என நம் மாணவர் வினவுவர். நம்மூருக்கு வந்த ஒருவரின் வாழ்க்கையே அதற்கு விடையாகும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவிலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியங் கற்று, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வட்டுக்கோட்டையை அடைந்தார். மறு ஆண்டு மானிப்பாய்க்கு மாறி, நோயாளரைப் பேணியதோடு தமிழ் இளைஞருக்கு வைத்தியமும் போதிக்கலானார். அப்போதனை முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்றது. இடையில் தாயகஞ் சென்று 1862 இல் மீண்ட அவர், 1864 இல் தமிழிலேயே வகுப்பைத் தொடங்கினார்.

நூலின்றிப் போதனை நிலைபெறாது. ஆகவே மாணவரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்துத் தாமே திருத்தினார். தமிழிலுள்ள சொல்லை முதலில் நாடினார். அது கிடையாதவிடத்து வடசொல்லையும், அதுவும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் கொண்டார். இரணவைத்தியம் முதலிய நூல்கள் இவ்வாறெழுந்தன. கிறேயின் ஆங்கில நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872 இல் வெளிவந்தது. எலும்பு, தசை, மூளை, நரம்பு யாவும் அதில் முறையாக விளக்கப்பட்டன. கொல்கி என்னும் இத்தாலிய அறிஞர் நரம்புக் கலங்களை வெள்ளியுப்பினாற் புலப்படுத்தும் முறையை வெளியிட்டது 1873 இலேயாம். 1888 முதல் கஹால் என்பார் அக்கலங்கள் தனித்தனியானவை எனக் காட்டினார். அந்நாளைய நரம்பறிவில் தமிழ் பெரிதும் பின்தங்கி நிற்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

சமயம் பரப்புதற்கே அவர் வந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தம் மாணவர் உடையிலும் நடையிலும் தமிழராகவே விளங்குதல் வேண்டுமென அவர் விரும்பினார். மேனாட்டுக் கோலத்தைப் பெருமையாகக் கருதிய காலத்தில் அவ்விருப்பம் அரியதன்றோ!

1873 இல் ஈழத்தைவிட்டு நீங்கிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை; 1884 இல் தாயகத்திற் காலமானார். அறுபதின் மேற்பட்ட தமிழ் வைத்தியர் அவரிடம் பயின்றனர். அவருக்குப் பின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்கு மாறிற்று. 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே போதிக்கின்றது.

அந்நியர் ஒருவர் நம்மொழியைக் கற்றுச் செய்த பணியை, அம்மொழியிற் பிறந்த நாம் இடையில் நிறுத்திவிடலாமா? வைத்தியராகவும் விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கும் நம் பழைய மாணவர், நரம்பின் வழிகளைப்பற்றி இளையோர் விளங்குமாறு ஒரு சிறு நூலேனும் தமிழில் எழுதுவாராக. கிறீன் பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.