1,285 வாக்குகள்: சொந்த ஊரிலேயே காமராஜர் தோற்றது எப்படி?

1967 பிப்ரவரி. இந்தியாவுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்வதில் முன்னால் நின்ற காமராஜர், தான் பிறந்த விருதுநகரில் ஓட்டு கேட்டு நின்றார். முடிவு வந்தபோது மாநிலமே அதிர்ந்தது. திமுகவின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனுக்கு 33,421 வாக்குகள், காமராஜருக்கு 32,136. வித்தியாசம் வெறும் 1,285. அதாவது 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் கதையே வேற!

ஊர் எப்பவும் அவர் பக்கமா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறாங்க. உண்மை அவ்வளவு எளிதல்ல.

1903 ஜூலை 15-ல் பிறந்த காமராஜர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். படிப்பு பாதியில் நின்றது. கடையில் வேலை பார்த்த பையன், காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்தக் காலத்து விருதுநகர் வியாபாரிகளில் பலருக்கும் நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம் மேல்தான் பிடிப்பு. சுயமரியாதை மாநாடே 1931-ல் அங்கே நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, காமராஜர் எதிர்ப்பக்கம் நின்று கட்சி வளர்த்தார்.

பலன் மெதுவாக வந்தது. 1937-ல் சாத்தூரில் இருந்து சட்டமன்றம் போனார். 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வானார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். வேலை செய்ய முடியாத நாற்காலி எதற்கு என்பது அவர் கணக்கு.

முதல்வர் ஆன பிறகு?

1954-ல் முதல்வரானவர், இடைத்தேர்தலுக்கு சொந்த ஊர்ப் பக்கம் வரவில்லை. குடியாத்தத்தில் நின்று ஜெயித்தார். அப்போது அவரை ஆதரித்த கட்சிகளில் திமுகவும் ஒன்று! 1957, 1962 இரண்டு முறையும் சாத்தூர். பள்ளிகள், மதிய உணவு, அணைகள் என அவர் செய்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் பேசப்படாதது 1956. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி, அதே விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். 70 நாட்களைத் தாண்டியும் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அக்டோபர் 13-ல் உயிர் பிரிந்தது. முதல்வர் நாற்காலியில் இருந்தது அதே ஊர்க்காரர். 1967 தோல்விக்கு இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் மறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

1967-ல் என்ன நடந்தது?

1963-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியை விட்டு டெல்லி அரசியலுக்குப் போனார் காமராஜர். அகில இந்திய காங்கிரஸ் தலைவர் என்பதால் கண் முழுக்க நாடு முழுவதும். இங்கே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு, அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி. ஒரு ரூபாய்க்கு மூணு படி அரிசி என்ற திமுக வாக்குறுதி அடுப்படி வரை போனது. ஜனவரியில் எம்.ஜி.ஆர் சுடப்பட்டார், கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் போஸ்டர் தெருவுக்குத் தெரு. இன்னொரு பக்கம் ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட்டுகள் என எதிர்க்கட்சி ஓட்டு சிதறாத கூட்டணி.

இதோடு வாக்குப்பதிவும் எகிறியது. 1962-ல் மாநிலத்தில் சுமார் 70.7% பதிவான ஓட்டு, 1967-ல் 76.6% ஆனது. 2011 வரை அதை எந்த சட்டமன்றத் தேர்தலும் தாண்டவில்லை. முன்பு வீட்டில் இருந்துவிட்ட பலர் இந்த முறை பூத்துக்கு வந்தார்கள். இதில் ஒரு முரண்: காமராஜர் திறந்த பள்ளிகளின் காலத்தில் வளர்ந்த இளைஞர்களில் பலர்தான் எதிரணிக்காகத் தெருத்தெருவாக ஓட்டு கேட்டவர்கள்.

இன்னொன்றும் கவனிக்கணும். மாநிலம் முழுக்க காங்கிரஸ் வாங்கியது சுமார் 41% வாக்குகள். திமுகவை விடக் கொஞ்சம் அதிகம்தான்! ஆனால் 234-ல் கிடைத்தது 51 இடங்கள். ஆதரவு காணாமல் போய்விடவில்லை. எதிர் ஓட்டு ஒன்று சேர்ந்தது. விருதுநகரின் 1,285-ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவரை ஊரே தூக்கி எறிந்தது என்பது மிகை.

பிறகு?

தோற்றவர் ஒதுங்கவில்லை. எம்.பி நேசமணி மறைவால் 1969-ல் நாகர்கோவிலில் இடைத்தேர்தல். அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். விருதுநகரில் அவரை வென்ற சீனிவாசன், பின்னாளில் சட்டமன்றத் துணை சபாநாயகர் ஆனார்.

1971-ல் மீண்டும் நாகர்கோவில். கட்சி இரண்டாக உடைந்திருந்த நேரம். தமிழ்நாட்டில் அவருடைய ஸ்தாபன காங்கிரஸ் ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி அதுதான். 1975 அக்டோபர் 2-ல் சென்னையில் காலமானபோதும் அவர் நாகர்கோவில் எம்.பிதான்.