உடைந்த திருகும் ஓடிய படகும்

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்



நீராவி இஞ்சின் என்றால் ஜேம்ஸ் வாட், ரயில் என்றால் ஸ்டீபன்சன் என்று நாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் சுழலும் புரொப்பல்லர் என்றால் யார் பெயரைச் சொல்வது? கப்பல் வரலாறு படித்தவர்கள் சொல்லும் முதல் சில பெயர்களில் ஒன்று சர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். அவர் இஞ்சினியரும் இல்லை, மாலுமியும் இல்லை. ஆடு வளர்த்துப் பிழைத்த ஒரு விவசாயி!

1808-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஹைத் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். சாதாரணப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரோம்னி சதுப்பு நிலப் பகுதியில் ஆடு மேய்க்கும் தொழிலில் இறங்கினார். பிறகு லண்டனுக்கு அருகில் ஹெண்டனில் பண்ணை வைத்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரே பைத்தியம், பொம்மைப் படகு செய்வது. செய்த படகை எப்படியெல்லாம் ஓட வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பார்.

அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களுக்கு இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருக்கும். அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் ஆழத்தில் மாட்டிக்கொள்ளும், இன்னொன்று காற்றில் சும்மா சுற்றும். நிலக்கரி தீரத் தீரக் கப்பல் மேலே எழும்பும், சக்கரம் தண்ணீரை விட்டு விலகும். போர்க்கப்பல் என்றால் கேட்கவே வேண்டாம், சக்கரத்தில் ஒரு குண்டு விழுந்தால் கதை முடிந்தது.

1835-ல் ஸ்மித் ஒரு மாதிரிப் படகு செய்து, மரத்தில் கடைந்த திருகு ஒன்றைப் பின்பக்கம் தண்ணீருக்குள் பொருத்தி, ஸ்பிரிங் வைத்து அதைச் சுழல விட்டார். பண்ணைக் குட்டையில் படகு ஓடியது. 1836 மே 31-ல் காப்புரிமை வாங்கினார். திருகு யோசனை அவருக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் ரெசல் 1827-லேயே காப்புரிமை வாங்கியவர். ஸ்வீடன்காரரான எரிக்சன், ஸ்மித்துக்கு ஆறே வாரம் கழித்து லண்டனிலேயே தன் புரொப்பல்லருக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே, முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பது நம் பேச்சு இல்லை. கையில் இருந்த திருகை ஸ்மித் எப்படித் திருத்தினார் என்பதுதான் பேச்சு.

ஒரு வங்கியாளர் பண உதவி செய்ய, 6 டன் எடையுள்ள சின்னப் படகு ஒன்று தயாரானது. அதில் சுமார் 6 குதிரைத்திறன் நீராவி இஞ்சின். பின்னால் இரண்டு முழுச் சுற்று கொண்ட மரத்திருகு. நம் ஒர்க்ஷாப்பில் இருக்கும் போல்ட்டின் மரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த உருவம்தான். நீளமாக இருந்தால்தான் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் என்பது கணக்கு. லண்டன் பாடிங்டன் கால்வாயில் படகை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1837 பிப்ரவரியில் ஒரு நாள், தண்ணீருக்குள் எதிலோ இடித்துத் திருகு பாதியாக உடைந்துபோனது. இரண்டு சுற்றில் ஒரு சுற்றுதான் மிச்சம். படகு நின்றுவிடும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. முன்பைவிட வேகமாகப் பாய்ந்தது!

ஏன் இப்படி? போல்ட் நட்டுக்குள் நகர்வதுபோல் திருகு தண்ணீருக்குள் நகர்கிறது. ஆனால் தண்ணீர் இரும்பு நட்டு இல்லையே, நழுவும். திருகின் முதல் சுற்று தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீரில் இரண்டாவது சுற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை. உராய்வு மட்டும் உண்டு. அந்தச் சுமை போனதும் இஞ்சின் மூச்சுவிட்டு வேகமாகச் சுழன்றது.

இன்றைக்குச் சின்ன மோட்டார் படகுக்குப் புரொப்பல்லர் தேர்ந்தெடுப்பதும் இதே சங்கதிதான். புரொப்பல்லரில் பொதுவாக இரண்டு எண் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். 12 அங்குல பிட்ச், நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 2000 அடி, அதாவது மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். நழுவல் போக மீதிதான் நிஜ வேகம்.

பிட்ச் கூடினால் கடைசி வேகம் கூடும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆனால் லாரியை டாப் கியரில் கிளப்பினால் என்ன ஆகும்? திணறும். படகும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்ப வேண்டும், ஆள் சுமையோடு ஏற வேண்டும் என்றால் பிட்ச்சை ஒன்றிரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். ஒரு அங்குலம் குறைத்தால் இஞ்சின் சுமாராக 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை கூடுதலாகச் சுழலும். நான்கு பிளேடு போட்டால் பிடிப்பும் கூடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முழு திராட்டிலில் ஆர்.பி.எம். எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் இஞ்சினுக்கு ஆபத்து, எட்டாவிட்டால் இஞ்சின் திணறுகிறது என்று அர்த்தம். ஊகத்தில் சொல்வதற்கு இதில் இடமே இல்லை, ஓட்டி அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்மித் அதைத்தான் செய்தார். உடைந்ததற்குப் பதில் பழையபடி நீளத் திருகைப் போடாமல், ஒரே சுற்றுத் திருகைப் பொருத்தினார். 1837 செப்டம்பரில் அந்தச் சின்னப் படகைக் கடலுக்கே கொண்டுபோய், தான் பிறந்த ஹைத் வரை ஓட்டிக் காட்டினார். காற்றும் அலையும் அடித்த நேரத்திலும் படகு சமாளித்ததைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அடுத்து 237 டன்னில் ‘ஆர்க்கிமிடீஸ்’ என்ற கப்பல் கட்டப்பட்டது. கடற்படை அதிகாரிகள் எதிர்பார்த்தது 5 நாட் வேகம். கப்பல் ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு ஓடியது. அதிலும் அதிர்வு இருந்ததால், ஒரு முழுச் சுற்றை இரண்டு அரைச்சுற்று பிளேடுகளாக மாற்றினார். 1840-ல் அந்தக் கப்பலைக் கடன் வாங்கிப் பரிசோதித்த பெரிய இஞ்சினியர் புருனல், தன் ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலுக்கும் துடுப்புச் சக்கரத்தை விட்டுப் புரொப்பல்லருக்கு மாறினார்.

பிறகு ‘ராட்லர்’ என்ற போர்க்கப்பலில் பலவிதப் புரொப்பல்லர்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஸ்மித்தின் திருகை வெட்டி வெட்டிக் குறைத்து, கடைசியில் 10 அடி விட்டமும் 15 அங்குல நீளமும் கொண்ட இரண்டு பிளேடு புரொப்பல்லரில் வந்து நின்றது. 1845 ஏப்ரல் 3-ல் ராட்லரையும், அதே குதிரைத்திறன் கணக்குள்ள துடுப்புச் சக்கரக் கப்பல் ‘அலெக்டோ’வையும் பின்னோடு பின் கட்டி இழுக்க விட்டார்கள். ராட்லர், அலெக்டோவை 2 நாட்டுக்கும் அதிகமான வேகத்தில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது!

அப்புறம் ஸ்மித் பெரிய பணக்காரர் ஆகிவிட்டார் என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் உண்மை அது இல்லை. கடற்படை கொடுத்த 20,000 பவுன் பரிசு பலருக்குப் பங்காகப் போனது. கையில் இருந்ததை இழந்து, குவெர்ன்சி தீவில் மறுபடியும் விவசாயத்துக்கே போனார். 1855-ல் வருடம் 200 பவுன் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. 1860-ல் லண்டனில் காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆனார். 1871-ல் சர் பட்டம். 1874 பிப்ரவரி 12-ல் காலமானார்.

இவர் வாழ்க்கையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காட்டு வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு மெஷின் படிப்பு ஏறுமா என்று ஊரில் கேட்டார்கள். நம்மில் பலரிடம் இப்படிக் கேட்டிருப்பார்கள். ஸ்மித்திடம் டிப்ளமோகூட இல்லை. நம்மிடம் லேத் இருக்கிறது, டேக்கோமீட்டர் இருக்கிறது, சந்தேகம் கேட்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, ஒர்க்ஷாப்பில் ஏதாவது உடைந்தால் உடனே ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். உடைந்த பிறகு மெஷின் எப்படி ஓடியது, ரீடிங் ஏறியதா இறங்கியதா என்று ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு போடுங்கள்.