நூறு பேரையும் ஞாபகம் வெச்ச ஒருத்தர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஒரு கேமை நீங்க நடத்தியிருந்தா இந்தத் தலைவலி உங்களுக்குத் தெரியும். கதையை நடத்துறவர் கேம் மாஸ்டர். எதிர்ல அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டர். யாருக்கு இருட்டுல கண் தெரியும், யாருக்கு எத்தனை மந்திரம் மிச்சம், யார் தன்னோட பெரிய சக்தியை ஏற்கெனவே செலவு பண்ணிட்டாங்க, எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கிட்டே கதையும் சொல்லணும். அஞ்சு பேருக்கே நமக்கு மூச்சு முட்டுது. நூறு வேலையை ஒரே நேரத்துல கவனிச்ச ஒருத்தர் நம்ம பக்கம் இருந்தார். பேர் செய்குத்தம்பிப் பாவலர்.

1874-ல் நாகர்கோவில் பக்கத்துல இடலாக்குடியில் பிறந்தார். அந்த கேம் வெளிவந்தது 1974, சரியா நூறு வருஷம் கழிச்சு! அப்போ இடலாக்குடி திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. அதனால பள்ளிக்கூடத்துல அவர் படிச்சது மலையாளம். வீட்டு வறுமையால அந்தப் படிப்பும் நீடிக்கல. சங்கரநாராயண அண்ணாவி என்ற ஆசிரியர்கிட்ட தனியாப் போய் தமிழ் இலக்கணம், இலக்கியம் கத்துக்கிட்டார். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு, தமிழ் நமக்கு வராதுன்னு நினைக்கிறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. ஸ்கூல்ல வேற மொழி படிச்ச இந்தப் பையன்தான் பின்னாடி உமறுப் புலவரோட சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். வள்ளலாரின் பாடல்களை அருட்பான்னு சொல்லலாமான்னு பெரிய சண்டை நடந்தப்போ, ஒரு முஸ்லிம் புலவரா அருட்பா பக்கம் நின்னு வாதாடினார். எதிர்ப்பக்கம் இருந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் லேசுப்பட்ட ஆள் இல்ல, அவரும் ஒரு சதாவதானி.

சதாவதானின்னா என்ன? அவதானம்னா கவனம். எட்டு வேலையை ஒரே நேரத்துல கவனிச்சா அட்டாவதானம், பத்துன்னா தசாவதானம், நூறுன்னா சதாவதானம். அவதானி நடுவுல உட்காருவார். ஒருத்தர் இலக்கணத்துல சந்தேகம் கேப்பார். இன்னொருத்தர் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லுவார். ஒருத்தர் கணக்கு போடுவார். நடுவுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், முதுகுல பூவோ கல்லோ விழும். கடைசியில மணி எத்தனை, கல் எத்தனைன்னு சொல்லியாகணும். கையில பேப்பர் கிடையாது.

1907 மார்ச் 10, சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். அங்கதான் பாவலர் சதாவதானம் செஞ்சு காட்டி, மகாமதி சதாவதானின்னு பட்டம் வாங்கினார்.

இதைப் படிச்சுட்டு, அவருக்கு மெமரி பவர் ஜாஸ்தின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. அந்த அமைப்பைப் பாருங்க. கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனி வேலை இருக்கு. யாரோட கேள்வி இன்னொருத்தரோட கேள்வியில கலந்தாலும் ஆட்டம் போச்சு. தொண்ணூத்தொம்பது பேருக்குப் பதில் சொல்லி ஒருத்தரை விட்டுட்டா அது சதாவதானமே இல்ல.

கேம் மாஸ்டருக்கும் இதேதான். நமக்கு அந்த மூளை இல்லன்னாலும் பேப்பர் இருக்கே! ஆளுக்கு ஒரு அட்டை எடுங்க. அதுல மூணு கட்டம். முதல் கட்டம், எப்பவும் வேலை செய்யுற திறமைகள்: இருட்டுல பார்க்கிறது, ஒளிஞ்சிருக்கிறதைக் கவனிக்கிறது. இதை பிளேயர் ஞாபகப்படுத்தணும்னு காத்திருக்காதீங்க, நீங்களே பார்த்துச் சொல்லணும். ரெண்டாவது, செலவாகிற திறமைகள். வார்லாக்குக்கு சின்ன ஓய்வுலயே மந்திரம் திரும்பிடும், விஸார்ட் பெரும்பாலும் ராத்திரி தூங்கி எழணும். அதனால எப்போ திரும்பும்னு பக்கத்துலயே எழுதிடுங்க. மூணாவது, இதுவரைக்கும் செலவானது. இதை பென்சில்ல எழுதுங்க, அழிக்க வேண்டியிருக்கும். லெவல் ஏறினா அட்டையை பிளேயரோட உட்கார்ந்து சரிபாருங்க.

நான் திமிரி. எங்க பக்கத்துல இருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய. ப்ரொடக்ஷன் படிச்சவங்களுக்கு ஸ்கில் மேட்ரிக்ஸ் தெரிஞ்சிருக்கும்: கட்டிங் யாருக்கு வரும், தையல் யாருக்கு வரும், லாஸ்டிங் யாருக்கு வரும்னு பேர் வாரியா ஒரு சார்ட். ஒருத்தர் லீவு போட்டா லைன் நிக்காம ஓட அதுதான் உதவி. உங்க அட்டையும் அதே வேலையைத்தான் செய்யுது.

டேபிள்ல சத்தமா பேசுறவன் தன் திறமையை தானே ஞாபகப்படுத்திடுவான். ஓரத்துல அமைதியா இருக்கிற பொண்ணு கேக்க மாட்டா. அவளோட கேரக்டருக்குப் பூட்டுத் திறக்கத் தெரியும்னு நீங்க மறந்துட்டா, அன்னைக்கு மூணு மணி நேரமும் அவளுக்கு வேலை இருக்காது. அடுத்த வாரம் வரவும் மாட்டா. அவ அட்டையைப் பார்த்துட்டு, கதையில ஒரு பூட்டின கதவை வைங்க.

பாவலர் 1950 பிப்ரவரி 13-ல் காலமானார். 1956-ல் தான் அவர் ஊர் நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. நாகர்கோவில் பக்கம் ஃப்ரெண்ட்ஸ் இருந்தா அவரைப் பத்திக் கேட்டுப் பாருங்க. அப்படியே அடுத்த கேமுக்கு அஞ்சு அட்டை வாங்கி வைங்க.