பெர்சி ஜூலியன்: மெய்ப்பிக்கப்பட்ட தகுதி, மறுக்கப்பட்ட பதவி

தகுதி இருந்தால் வாய்ப்பு தானே வரும் என்போர் முன் நாம் வைக்க வேண்டிய வாழ்க்கை, அமெரிக்கக் கறுப்பின வேதியியலாளர் பெர்சி லவோன் ஜூலியனுடையது.

அடிமைப்படுத்தப்பட்டோரின் பேரனாக 1899இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் அவர் பிறந்தார். டீபாவ் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. விடுதியில் இடம் தரவில்லை. மாணவர் இல்லமொன்றில் பணியாளாக உழைத்து, அதன் பரணில் தங்கிப் படித்து, 1920இல் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் முதுகலை முடித்தபின் அங்கே வழி அடைபட்டது. முனைவர் பட்டத்தை 1931இல் வியன்னாவில்தான் பெற முடிந்தது.

டீபாவுக்குத் திரும்பிய அவர், ஜோசப் பிக்லுடன் சேர்ந்து பைசாஸ்டிக்மினைச் செயற்கையாக உருவாக்க முனைந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையில் உள்ள நஞ்சு அது. குற்றம் சாட்டப்பட்டவரை அந்த அவரையை உண்ணச் செய்து, பிழைத்தால் நிரபராதி எனத் தீர்ப்பளிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. சிறிதளவில் அதுவே மருந்து. நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலினைக் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. பைசாஸ்டிக்மின் அந்நொதியைத் தடுக்கிறது. கண்மணி சுருங்குகிறது, கண்ணுக்குள் தேங்கிய நீர் வடிகிறது, கண் அழுத்த நோய் தணிகிறது.

அதே முயற்சியில் ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற ராபர்ட் ராபின்சனும் இருந்தார். இடைநிலைச் சேர்மமான எசரத்தோலை இரு தரப்பும் உருவாக்கியதாக அறிவித்தன. இரண்டின் பண்புகளும் வேறுபட்டன. ராபின்சனுடையது தவறு என்று ஜூலியன் துணிந்து எழுதினார். இயற்கைப் பொருளிலிருந்து பெற்ற எசரத்தோலுடன் ஒப்பிட்டபோது ஜூலியனின் சேர்மமே ஒத்திருந்தது. 1935இல் பைசாஸ்டிக்மினின் முழுத் தொகுப்பு நிறைவுற்றது.

இத்தனைக்குப் பிறகும் டீபாவ் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. காரணம் அவருடைய நிறம். 1936இல் கிளிடன் நிறுவனத்தில் சேர்ந்து, சோயாவிலிருந்து புரொஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டார். புகழ் வந்தபின்னும் பகை ஓயவில்லை. 1950இல் ஓக் பார்க்கில் அவர் வாங்கிய வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினர். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது 1973இல். 1975இல் அவர் மறைந்தார்.

ஆய்வகச் சான்று ஜூலியனின் பக்கம் நின்றது. பணி நியமனம் செய்வோர் அந்தச் சான்றைப் பார்க்கவில்லை, அவருடைய தோலைப் பார்த்தனர். சாதி பார்க்கும் நியமனக் குழுக்களை அறிந்த நமக்கு இது புதிதன்று. தகுதியை மெய்ப்பித்த பிறகும் மறுக்கப்படும் இடத்தை நல்லெண்ணத்தை நம்பிப் பெற இயலாது. சட்ட உரிமையாகவே கோர வேண்டும்.